நரியின் வண்டியும் நான்கு உடும்புகளும்

ஓடைத் தண்ணீர் முயலின் வளைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. முயல் தன் குட்டிகளைத் தூக்கி நரியின் மரவண்டியில் வைத்து, தானும் ஏறிக்கொண்டது. மேட்டுப் பாறைக்குப் போய்விட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் வழியெல்லாம் மழைச் சேறு. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் பள்ளம்.

காட்டுப்பன்றி வண்டியைப் பின்னாலிருந்து தள்ளும். நரி முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்பும். நான்கு சக்கரங்களுக்கும் ஆளுக்கொன்றாக நான்கு உடும்புகள்; சொன்னதும் தன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அவற்றின் வேலை. வண்டியின் உச்சியில் ஒரு கரிச்சான் குருவி. நரி எவ்வளவு திருப்புகிறது, வண்டி எவ்வளவு திரும்புகிறது என்று இரண்டையும் பார்ப்பதே அதன் வேலை.

"ரெண்டும் ஒத்துப்போனா நான் வாயே திறக்க மாட்டேன்" என்றது கரிச்சான்.

"நான் ஓட்டும்போது உனக்கு என்னடா வேலை? தூங்கு!" என்றது நரி.

முதல் வளைவு. நரி இடப்பக்கம் திருப்பியது. வண்டியின் பின்பக்கம் வழுக்கிப் பள்ளத்தின் பக்கம் வீசியது. குட்டிகள் அலறின.

"அளவுக்கு மேல திரும்புது! பன்றியண்ணே, தள்ளாதீங்க! வலது முன்சக்கரம், பிடி!" என்று கூவியது கரிச்சான்.

அந்தச் சக்கரத்து உடும்பு மட்டும் பிடித்தது. வண்டி நேரானது. உடும்பு உடனே பிடியை விட்டது.

"மெதுவா போங்க மாமா!" என்று கெஞ்சியது முயல்.

"இப்படிப் பிடிக்க ஆள் இருக்கும்போது என்ன பயம்? பன்றி, வேகமாத் தள்ளு!" என்றது நரி.

அடுத்த வளைவு. கைப்பிடி திரும்பியது, வண்டி திரும்பவில்லை. நேராகப் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்தது.

"இடது பின்சக்கரம், பிடி!" என்று கத்தியது கரிச்சான்.

"நான் சக்கரத்தைப் பிடிச்சுட்டேன். சக்கரம் மண்ணைப் பிடிக்கலையே!" என்று அலறியது உடும்பு.

வண்டி விளிம்பிலிருந்த ஈச்சம்புதரில் மோதி நின்றது. முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் சுழன்றது. முயல் குட்டிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. எல்லாம் இருந்தன. பன்றி மூச்சைப் பிடித்து வண்டியைப் பின்னுக்கு இழுத்தது.

"காப்பாத்துவேன்னு பார்த்தா கைவிட்டுட்டியேடா!" என்று கரிச்சானைப் பார்த்துச் சொன்னது நரி.

"நீங்க நினைச்ச பக்கம் வண்டி போக உதவுவேன். சேத்தைக் காய வைக்க என்னால முடியாது மாமா!" என்றது கரிச்சான்.

பன்றி மறுபடி தள்ள, நரி கைப்பிடியைப் பிடித்தது. கடைசி வளைவு கண்ணில் பட்டதுமே, "பன்றியண்ணே, மெதுவா!" என்றது. வண்டி திருப்பிய பக்கம் திரும்பியது. கரிச்சான் வாயே திறக்கவில்லை. குட்டிகள் பாறையில் குதித்து இறங்கின.

தடுமாறும்போது தாங்குவதற்குத்தான் துணையே தவிர, துணையை நம்பி வேகத்தைக் கூட்டுகிறவனை அந்தத் துணையாலும் காக்க முடியாது.