முருங்கைப் போத்து வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மாடு, மரம், செடி, கொடி எல்லாமே பேசும். மற்ற மரங்கள் நாலு வார்த்தை பேசினால் நிறுத்திக்கொள்ளும். முருங்கைக்கு மட்டும் அந்தப் பழக்கமே கிடையாது. அதன் கிளையை வெட்டிப் போத்தாக நட்டாலும், வெட்டிய நுனியே வாயாகி அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும்.

வேலாத்தாவின் கொல்லையில் அப்படி ஒரு மரம் இருந்தது. ஐப்பசி பிறந்ததும் அடித்த முதல் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. வேலாத்தாவுக்குப் பகீரென்றது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் பூங்கொடிக்குத் தை மாதம் நாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க முருங்கைக்கீரை வேண்டும். அந்த வட்டாரத்தில் வேறு முருங்கையே இல்லை.

சாய்ந்த மரத்திலிருந்து ஏழு போத்து வெட்டி நட்டாள். அடைமழை பிடித்துக்கொண்டது. போத்துகள் நனைந்தபடியே ஊர்க்கதை பேசின. திறந்த வாய் வழியே தண்ணீர் இறங்கி, ஒவ்வொன்றாக அழுகின. எட்டு நாளில் மிஞ்சியது மாட்டுக்கொட்டகை ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு நின்ற ஒரே ஒரு போத்து. பேச்சில் அதுதான் எல்லாவற்றுக்கும் அக்கா.

“ஏனாத்தா, பூங்கொடிக்குப் பொறக்கப்போறது பையனா, பொட்டப்புள்ளயா? யாரு சாடை இருக்கும்? பேரு என்ன வெக்கப்போறீங்க?”

“உனக்குப் புண்ணியமாப் போவுது கண்ணு, வாய மூடு. தண்ணி உள்ள போவுதல்லோ!” என்று வேலாத்தா கெஞ்சினாள்.

“மூடித்தானே இருக்கறேன்” என்று போத்து வாயைத் திறந்து சொன்னது. ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனது.

வேலாத்தா ஒரு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்து வைத்தாள். போத்து பேசிய பேச்சில் அது உருண்டு விழுந்தது. துணியைச் சுற்றிக் கட்டினாள். துணி ஊறி, தண்ணீரை உள்ளேதான் விட்டது. இதுவும் போய்விடுமே என்று அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கொட்டகையில் கட்டியிருந்த செவலைப் பசுவுக்கு வேறு கவலை. எட்டு நாளாக இந்தச் சத்தத்தில் நிம்மதியாக அசைபோட முடியவில்லை. அன்று காலையில் போத்து அதையும் சீண்டியது.

“ஏ செவலை, தின்னதையே எத்தன தடவ திம்பே? உனக்குச் சலிக்காதா?”

செவலை மெதுவாக எழுந்தது. போத்தின் பக்கம் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. வாலைத் தூக்கியது.

“வேண்டாஞ் செவலை, நான் சும்மா வெளையாட்டுக்கு...”

தொப்பென்று விழுந்தது சாணி. போத்தின் பேச்சு அத்தோடு நின்றது.

சத்தம் நின்றதும் வேலாத்தா பதறி ஓடிவந்தாள். சாணியை வழித்தெடுக்கக் கையை நீட்டியவள் அப்படியே நின்றாள். மழைநீர் சாணிமேல் விழுந்து பக்கவாட்டில் வழிந்தது. ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. வழிக்கப்போன கையாலேயே சாணியைத் தட்டித் தட்டிக் குல்லா மாதிரி அழுத்திவிட்டாள். போத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. திட்டலாமென்றால் வாயைத் திறக்க வேண்டும், திறந்தால் சாணி உள்ளே போய்விடும்.

கார்த்திகையில் போத்தின் பக்கவாட்டில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. தை பிறந்ததும் பூங்கொடி பிரசவித்தாள். குழந்தையைக் குளிப்பாட்டிய கை காயும் முன்பே வேலாத்தா கொல்லைக்கு ஓடிவந்தாள்.

“பொட்டப்புள்ள கண்ணு!” என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே முதல் கீரையைப் பறித்தாள்.

போத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. யார் சாடை, என்ன பேர் என்று கேட்கத் துடித்தது. தலையில் சாணி. இலைகளை மட்டும் ஆட்டு ஆட்டென்று ஆட்டியது.

முருங்கைப் போத்து நடுகிறவர்கள் அதன் தலையில் ஒரு கை சாணி அப்புவது அன்று முதல்தான். காற்றே இல்லாத நேரத்திலும் முருங்கையின் இலை ஆடுவதும் அன்று முதல்தான். பாவம், குழந்தைக்கு என்ன பேர் வைத்தார்கள் என்று அதற்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.