மூன்று வேலையும் ஒரு படிவமும்

"எந்த வேலைலதாம்மா சந்தோஷம் இருக்கு? அத மட்டும் சொல்லிடு, போதும்" என்றார் கேப்டன் சற்குணம்.

ஜெசிந்தா டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வேலை பாத்தீங்க சார்?"

"மூணு."

"மூணுலயும் இல்லையா?"

"இருந்தா உன் முன்னாடி வந்து ஏன் உக்காரப் போறேன்?"

சற்குணத்துக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருடமாக விமானம் ஓட்டுகிறார். ஜெசிந்தா அவரைவிட எட்டு வயது இளையவர். ஒரு காலத்தில் துணை விமானியாக அவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "சார், சார்" என்றவர்தான். இப்போது விமானிகளைச் சோதிக்கும் பரிசோதகர். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு விமானியும் சிமுலேட்டர் என்கிற அந்தத் தரையை விட்டு நகராத விமானத்தில் ஏறி, அவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த ஆறு மாதம் பிழைப்பு ஓடும். இன்று சற்குணத்தின் முறை.

அதிகம் பேசமாட்டார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குச் சாமியாரம்மா என்று பெயர். வாய் திறக்காத ஆளிடம் ஏதோ பெரிய விஷயம் இருக்கிறது என்று நம்புவது களைத்துப்போனவர்களின் வழக்கம். சற்குணம் மிகவும் களைத்துப்போயிருந்தார்.

"ஏர்லைன்ல என்ன குறை?" என்று கேட்டார் ஜெசிந்தா.

"உனக்குத் தெரியாததா? ஒரே ஊருக்கு ரெண்டு தடவ போய் ரெண்டு தடவ திரும்பணும். காக்பிட் கதவப் பூட்டிடுவாங்க. பின்னாடி நூத்தியெண்பது பேர்ங்கறது எனக்கு வெறும் நம்பர்தான். சீனியாரிட்டி லிஸ்ட்ல எனக்கு மேல இருக்கறவன் ரிட்டயர் ஆனாத்தான் எனக்கு தீபாவளிக்கு லீவு."

"அதுக்கப்புறம்?"

"ஒரு முதலாளியோட சொந்த விமானம். ஏழு மணிக்குக் கிளம்பணும்பார். நான் அஞ்சரைக்கே யூனிஃபார்ம் மாட்டிட்டு நிப்பேன். மூணு மணிக்கு வருவார், இல்ல வரவே மாட்டார். அவங்க வீட்டம்மா நாய்க்குட்டி சீட்ல வாந்தியெடுத்தா நான்தான் துடைக்கணும்."

"இப்ப?"

"இப்ப பங்கு விமானம். ஒரு விமானத்தப் பதினாறு பேர் சேர்ந்து பங்கு போட்டு வாங்கியிருக்காங்க. பதினாறு பேரும் முதலாளி. ஏழு நாள் வேலை, ஏழு நாள் லீவுன்னாங்க. காதுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஏழு நாள்ல ஏழு ஊர், ஏழு ஹோட்டல். முழிச்சா பாத்ரூம் எந்தப் பக்கம்னு தெரியாம பீரோவுல முட்டிக்கறேன். லீவு ஏழு நாளும் வீட்ல படுத்தே கெடக்கேன். என் வீட்டுக்காரி கேக்கறா, லீவுல வந்திருக்கீங்களா, அட்மிட் ஆயிருக்கீங்களான்னு."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. சற்குணமும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

"எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்ல தினமும் இதே பஞ்சாயத்துதான்" என்றார். "ஏர்லைன்ல இருக்கறவன், முதலாளி விமானம்தான் சொர்க்கம்ங்கறான். முதலாளிகிட்ட இருக்கறவன், பங்கு விமானக்காரன் குடுத்து வச்சவன்ங்கறான். பத்துக்கு எவ்வளவுன்னு மார்க் வேற போடறானுங்க. நான் மூணுத்துலயும் இருந்தவன். எனக்கே மார்க் போடத் தெரியல."

"தெரிஞ்சு என்ன பண்ணணும் சார்?"

"பழைய ஏர்லைன் திரும்பக் கூப்பிடுது. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள சரின்னு சொல்லணும். இல்லேன்னா லிஸ்ட்ல அடுத்த ஆளுக்குப் போயிடும். இந்த வயசுல இன்னொரு தடவ எவனும் கூப்பிடமாட்டான். போகட்டுமா, வேண்டாமா?"

சுவர்க் கடிகாரத்தில் மணி நாலு பத்து.

ஜெசிந்தா டீக் கோப்பையைக் கீழே வைத்தார். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நகர்த்தினார்.

"டெஸ்டுக்கு முன்னாடி இத நிரப்பிடுங்க சார்."

விமானிகள் ஒவ்வொரு நாளும் வேலைக்கு வந்ததும் நிரப்பிக் கொடுக்கும் உறுதிமொழிப் படிவம் அது. பறக்கத் தகுதியாக இருக்கிறேன் என்று தன் கையால் எழுதிக் கொடுப்பது. மூன்று கம்பெனியிலும் இதே கேள்விகள்தான், தலைப்பில் பெயர் மட்டும் வேறு. சற்குணம் பேசிக்கொண்டே நிரப்பினார். டிக், டிக், டிக், டிக், டிக், கையெழுத்து.

ஜெசிந்தா வாங்கிப் பார்த்தார். நான்காகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். இன்னொரு தாளை நகர்த்தினார்.

"என்னம்மா, தேதி தப்பா?"

"நிரப்புங்க சார்."

இந்த முறை தேதியை நிறுத்தி எழுதினார். லைசென்ஸ் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சரிபார்த்தார். ஐந்து டிக். கையெழுத்தைக் கோட்டுக்கு வெளியே போகாமல் போட்டார்.

அதுவும் குப்பைக்கூடைக்குப் போனது.

சற்குணத்துக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "வெளையாடறியா? நான் வந்த விஷயம் என்ன, நீ பண்றது என்ன? என் பக்கத்துல உக்காந்து லேண்டிங் கத்துக்கிட்டவ நீ!"

"ஆமா சார்."

"அப்புறம்?"

"அஞ்சாவது கேள்வி என்ன சார்?"

"எது?"

"இந்த ஃபார்ம்ல. பாக்காம சொல்லுங்க."

சற்குணம் வாயைத் திறந்தார். முதல் கேள்வி தூக்கம். அது தெரியும். அடுத்தது மருந்தோ, மதுவோ. ஐந்தாவது சுத்தமாக நினைவுக்கு வரவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா அதுக்குப் பதில் எழுதிக் குடுத்திட்டிருக்கீங்க" என்றார் ஜெசிந்தா.

மூன்றாவது தாளை நகர்த்திவிட்டுக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது. அதையே குடித்தார்.

சற்குணம் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். கடைசியாக எப்போது இதைக் கண்ணாடி போட்டுப் படித்தோம் என்று யோசித்தார். படித்ததே இல்லை.

ஒன்று. கடந்த இருபத்துநான்கு மணி நேரத்தில் போதுமான உறக்கம் கிடைத்ததா?

நேற்று ராய்ப்பூரில் ஹோட்டல் ஜன்னலுக்குக் கீழே கல்யாண ஊர்வலம். மூன்று மணி நேரம் தூங்கியிருந்தால் அதிகம். "இல்லை" என்று எழுதினார். எழுதியபின் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை.

இரண்டும் மூன்றும் மருந்தும் மதுவும். இரண்டும் கிடையாது. அந்த விஷயத்தில் அவர் சுத்தம்.

நான்கு. மனத்தை அழுத்தும் விஷயம் ஏதேனும் உண்டா?

இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று டிக் போட்ட நாட்கள் ஒவ்வொன்றாக வந்தன. அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், மொட்டைத் தலையில் தொப்பியை வைத்துக்கொண்டு இல்லை. மனைவியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன அன்று, முதலாளி குடும்பத்தைக் கோவாவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இறக்கிவிடப் போனபோது இல்லை. அன்று போகமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

"உண்டு" என்று எழுதினார்.

ஐந்து. களைப்பினால் பணியில் எப்போதேனும் கவனம் தவறியதுண்டா? உண்டெனில் விவரம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"தண்ணி இருக்கா?"

ஜெசிந்தா பாட்டிலை நகர்த்தினார். சற்குணம் மூடியைத் திறந்து பாதி பாட்டிலைக் குடித்தார்.

"இத எழுதினா நீ கையெழுத்துப் போட முடியாது."

"முடியாது சார்."

"டாக்டர்கிட்ட அனுப்புவ. விசாரணை வரும். எத்தனை மாசம் தரையில உக்கார வைப்பாங்களோ. ஏர்லைன் வேலையும் போயிடும்."

"ஆமா சார்."

"எழுதலேன்னா?"

ஜெசிந்தா கோப்பையை ஓரமாக நகர்த்தினார். குப்பைக்கூடையைக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை வருடமாக எழுதாமல் விட்டதில் என்ன கிடைத்தது என்பது சற்குணத்துக்கே தெரியும்.

அவருக்குப் பயமாக இருந்தது. மழையில், ஒற்றை எஞ்சினில் விமானத்தை இறக்கியபோதுகூட இப்படிப் பயந்ததில்லை. பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா அவசரப்படுத்தவில்லை. கடைசியில் கடகடவென்று இரண்டு வரி எழுதி, எழுதியதைத் திரும்பப் படிக்காமல் தாளை எதிர்ப்பக்கம் தள்ளினார்.

ஜெசிந்தா படித்தார்.

"இறங்கும்போது கண் அசந்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் உயரத்தை இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது."

தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"பக்கத்துல இருந்தது யாரு சார்?"

சற்குணம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏர்லைன்ல, நீ" என்றார். "முதலாளிகிட்ட இருந்தப்ப, ராணே. போன செவ்வாய்க்கிழமை, திலீப்."

சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது. எந்த வேலையில் இருந்தபோது யார் என்று ஒன்றுவிடாமல் கணக்காகச் சொல்லியிருந்தார். மூன்று வேலையும் அதில் இருந்தன.

ஜெசிந்தா தலையசைத்தார்.

"அன்னிக்கு இறங்கினதும் நானும் ஒரு ஃபார்ம் நிரப்பினேன் சார். எல்லாம் சரியா இருந்துச்சுன்னு டிக் போட்டேன்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சற்குணத்தின் செல்பேசி அடித்தது. ஏர்லைன் அலுவலகம். மணி ஐந்தே முக்கால்.

சற்குணம் எடுத்துக் காதில் வைத்தார். ஓர் இளம்பெண்ணின் குரல், நாள் முழுக்கப் பலரிடம் இதையே கேட்ட வேகத்தில் பேசியது.

"குட் ஈவினிங் கேப்டன். உங்களுக்காகத்தான் வெயிட்டிங். ஒரு ஃபார்மாலிட்டிக்கு ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ஃபிட்டாத்தானே சார் இருக்கீங்க?"

ஆமாம் என்ற சொல் பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லம்மா" என்றார்.