ஆல்ட் தொலைத்த சுழி

அந்தக் காலத்தில் கீபோர்டு விசைகளுக்கு வாய் இருந்தது. திரையில் எழுத ஆளுக்கோர் எழுத்தும் இருந்தது. கீழ்வரிசையில் கிடந்த ஆல்ட்டுக்கும் உண்டு, ஒரு சின்னச் சுழி. காலும் கிடையாது, கொம்பும் கிடையாது. அதை யாரும் கேட்டு வந்ததும் கிடையாது. ஆனாலும் அபூர்வமாக அது திரையில் விழுந்துவிட்டால் ஆல்ட்டுக்கு அன்று கால் தரையில் பாவாது.

திரையில் ஜன்னல்கள் பெருகிய காலம் அது. ஒன்றில் கடிதம், ஒன்றில் கணக்கு, ஒன்றில் பாட்டு. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மவுஸைத்தான் கெஞ்ச வேண்டும். "நான் நகரலேன்னா உங்க பொழப்பு நாறிடும்" என்று வாலை ஆட்டும் அது.

விசைகளைத் தட்டும் கைக்கு அலுத்துப்போயிற்று. விசைகளைக் கூட்டி, "ஜன்னல் மாற்ற உங்களில் யாரால் முடியும்?" என்று கேட்டது.

"தாவுறதுன்னா நான்தான்" என்று குதித்தான் டேப். குதித்த வேகத்தில் கடிதத்தின் நடுவில் ஓர் ஓட்டை விழுந்தது.

"நல்லாத் தாவினே போ! வரியில பள்ளம் தோண்டிட்டே" என்றது, படுத்தே கிடக்கும் ஸ்பேஸ்பார்.

கை யோசித்தது. "இவன் எழுதத் தாவுகிறானா, ஜன்னல் மாறத் தாவுகிறானா என்று திரைக்குத் தெரிய வேண்டும். தாவும்போது கூடவே ஒருவர் அழுந்திக் கிடக்க வேண்டும். கிடப்பவர் எதையும் எழுதக் கூடாது. எழுத்தைக் கழற்றித் தந்துவிட வேண்டும்."

எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். டேப் மட்டும் ஆல்ட்டின் பக்கத்தில் வந்து ஒட்டினான்.

"மாப்ளே, உன் சுழியை எவன் கேக்குறான்? குடுத்துடு. எந்த ஜன்னலுக்குப் போனாலும் ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம்."

"சத்தியமா?"

"என் தாவல் மேல சத்தியம்டா."

அதுவரை ஆல்ட்டை யாரும் மாப்ளே என்று கூப்பிட்டதில்லை. சுழியைக் கழற்றிக் கையிடம் கொடுத்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுந்திக் கிடந்தான்.

டேப் தாவினான். ஜன்னல்கள் சின்னச் சின்னதாகி வரிசைகட்டி நின்றன. பாட்டு ஜன்னலின் மேல் போய் நின்றான். அது திறக்கவில்லை.

"விடுடா" என்றான் டேப்.

"நானும் வரணுமே?"

"நீ புடிச்சிட்டே இருந்தா எப்படித் திறக்கும்? மொதல்ல விடு. நான் உள்ள போயிட்டு வந்து உன்னைக் கூட்டிக்கிறேன்."

ஆல்ட் விட்டான். ஜன்னல் திறந்தது. டேப் உள்ளே போனான். பாட்டுச் சத்தம் வெளியே வந்தது. டேப் வரவில்லை. "என்னமாய்த் தாவுகிறான்!" என்று கை அவனையே மெச்சியது.

ஆல்ட் கையிடம் போய் நின்றான். "என் சுழியையாவது குடுத்துடுங்க."

"சுழியா? எங்கே வைத்தேனோ, தெரியவில்லையே."

ஓரத்தில் நின்ற மவுஸ் சிரித்தது. "உள்ளதும் போச்சுடா நொள்ளைக்கண்ணா!"

டேப் அதன்பின் எத்தனையோ முறை வந்தான். வந்ததெல்லாம் பிடித்துக்கொள்ளச் சொல்லத்தான்.

அன்று முதல்தான் ஆல்ட் விடுகிறவரை எந்த ஜன்னலும் திறப்பதில்லை. விட்ட பிறகு அவனை யாருக்கும் நினைவும் இல்லை. தனியாக அழுத்திப் பாருங்கள், ஓர் எழுத்தும் விழாது. சில ஜன்னல்களில் மட்டும், மேலே வரிசையாக நிற்கும் மெனுப் பெயர்கள் ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தின் அடியில் சின்னக் கோடு விழும். தன் சுழி அங்கே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்கிறான் அவன்.