ரெண்டு பல்லும் ஒரு கரும்பும்

அவரைக்காய்க்கு நார் உரிச்சுக்கிட்டே சொல்றேன். வெயில்ல மின்சாரம் எடுக்கிற ஒரு சோலார் தோட்டத்துல பலகை துடைக்கிற நாப்பது பொம்பளைங்கள்ல வடிவாம்பாவும் ஒருத்தி. இடுப்புல எப்பவும் கைக்குழந்தை.

ஒருநாள் வெளிநாட்டு முதலாளி வந்தார். "எங்க நாட்டுல சோலார் மின்சாரம் ஒரே வருஷத்துல ரெண்டு மடங்கு. இங்க நூத்துக்குப் பத்துதான் வளர்ந்திருக்கு. இந்தத் தோட்டத்தை மூடிட்டு பணத்தை அங்கயே போடப்போறேன்" என்றார்.

வடிவாம்பா கேட்டா: "அங்க எத்தனை தோட்டங்க ஐயா?"

"ஒண்ணு இருந்துச்சு. இப்ப ரெண்டு."

"எங்க நாட்டுல நூறு இருந்துச்சு, இப்ப நூத்திப்பத்துங்க. என் மகளுக்கும் போன மாசம் ஒரு பல்லு, இப்ப ரெண்டு. அவளும் ரெண்டு மடங்குதான். சந்தோஷத்துல, பல்லு முளைச்சா செய்யற வழக்கப்படி கொழுக்கட்டை அவிச்சு அவ தலையில கொட்டினோம். ஆனா அந்த ரெண்டு பல்லை நம்பி கரும்பைக் கடிக்க அவகிட்ட குடுக்கலீங்க."

குழந்தை அவரைப் பார்த்து ரெண்டு பல்லையும் காட்டுச்சு. முதலாளி சிரிச்சுட்டார். தோட்டத்தை மூடுற காகிதத்தை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு, "எனக்குக் கொழுக்கட்டை மிச்சம் இருக்காம்மா?" என்றார்.

நாப்பது பேரும் மறுநாள் வேலைக்கு வந்தாங்க. வடிவாம்பா மகளுக்கு மூணாவது பல்லு... இருங்க, என் மகன் அவங்க விரலைக் கடிக்கிறான்னு அத்தை கூப்பிடுறாங்க, ஒருவேளை அவனுக்கும் பல்லு முளைச்சிருச்சோ!