அப்டேட் போட நல்ல நேரம்

சிறுமலை ஆசிரமத்தில் திலகவதி அம்மா எலுமிச்சை மரத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார். சீடர் மாசிலாமணி கைபேசியும் சார்ஜருமாக வந்து நின்றார். சீடருக்குக் குருவைவிட வயது அதிகம். சந்தேகங்களும் அதிகம்.

“அம்மா, ஒரு விஷயம் கேக்கணும்.”

“கேளுங்கண்ணே.”

“போனுக்குப் பெரிய அப்டேட் வந்திருக்கு. உள்ளே எல்லாமே புதுசா மாறிடுமாம். எப்போ போடுறது?”

“எப்போ வந்துச்சு?”

“சித்திரையில. தினமும் கேக்கும். நானும் தினமும் ‘பிறகு’ன்னு அழுத்திடுவேன்.”

“ஆவணியே பொறந்தாச்சு.”

“சில பேருக்குப் போட்டதும் பேட்டரி நிக்கலையாம். மத்தவங்க போட்டுப் பார்க்கட்டும்னு இருந்தேன்.”

“பார்த்தாங்களா?”

“பார்த்துட்டாங்க. கோளாறெல்லாம் சரி பண்ணியாச்சாம். என் படங்களையும் வேற இடத்துல எடுத்து வச்சிட்டேன். சார்ஜும் முழுசா இருக்கு.”

“அப்புறம் என்ன?”

“இப்பவே போட்டுடலாமான்னுதான். ஒரு மணி நேரம் போன் அணைஞ்சே இருக்கும்.”

அம்மா மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். வேலியோரக் கற்குவியலின் இடுக்கிலிருந்து எதையோ மெல்ல உருவி வெயிலில் பிடித்தார். பாம்புச் சட்டை.

மாசிலாமணி சட்டென்று பின்னால் நகர்ந்தார்.

“ஆள் போயாச்சு. சட்டை மட்டும்தான். கிட்ட வந்து பாருங்க.”

அவர் குனிந்து பார்த்தார். தலைப் பக்கத்தில், கண் இருந்த இடத்தில், கண்ணாடிபோல மெல்லிய வட்டம்.

“கண்ணு மேலகூடவா உரியுது?”

“ஆமா. உரிக்கிறதுக்கு முன்னால சில நாள் கண்ணு பால் மாதிரி மங்கிடும். எதிர்ல என்ன வருதுன்னே சரியாத் தெரியாது.”

“அந்த நேரத்துல கீரி வந்தா?”

“அதுக்குத்தான் கல்லுக்கடியில போய் ஒளிஞ்சுக்குது. இரைகூடத் தேடாது.”

மாசிலாமணியின் முகம் தெளிந்தது. “ஓ! யாரும் நம்மளத் தேடாத நேரமாப் பார்த்துப் போடணும்.”

“சரி. இன்னைக்கு உங்களை யாரு தேடுவாங்க?”

அவர் சார்ஜர் ஒயரை விரலில் சுற்றினார். அவிழ்த்தார்.

“நாலு மணிக்குப் பூவிழி கூப்பிடுறேன்னா.”

“தானே மாப்பிள்ளை பார்த்துக்கிட்டான்னு நீங்க பேசாம இருக்கீங்களே, அந்த மகளா?”

“அவதான். வர்ற வெள்ளிக்கிழமை கல்யாணம். ‘வருவீங்களா, மாட்டீங்களா, ஒரே ஒரு தடவை கேப்பேன். அப்புறம் கேக்கவே மாட்டேன்’னு சேதி அனுப்பியிருக்கா.”

“இப்போ மணி என்ன?”

மாசிலாமணி திரையைப் பார்த்தார். “மூணே முக்கால்.”

அவருடைய கட்டைவிரல் ‘இப்போது’ என்ற சொல்லின் மேலேயே நின்றது.

அம்மா பாம்புச் சட்டையைக் கிழியாமல் சுருட்டி நீட்டினார். அதை வாங்க, அவர் விரலை எடுக்க வேண்டியிருந்தது.

“உரிக்கிறதுக்காக ஒளியுற பாம்பைப் பார்த்திருக்கேன்” என்றார் அம்மா. “ஒளியுறதுக்காக உரிக்கிற பாம்பை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்.

சீடர் சித்திரையிலிருந்து அழுத்திவந்த அதே ‘பிறகு’வை இன்றும் அழுத்தினார். மணியோசையை முழுதாகக் கூட்டிவைத்துவிட்டு, கற்குவியலின் மேல் உட்கார்ந்தார்.