அப்பா வேஷம்

பிள்ளைகளிடம் பேசப் பெரியவர்கள் தயங்குகிற விஷயங்களையே நாடகமாக்கி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகக் கொண்டுபோகிற குழு குணவதியுடையது. சிறையில் இருக்கும் அம்மா, தூக்கு மாட்டிக்கொண்ட அண்ணன் என்று பலதும் ஆடியாகிவிட்டது. "பச்சைப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று கேட்காத தலைமையாசிரியர் கிடையாது. பிள்ளைகள் மட்டும் அப்படிக் கேட்டதில்லை.

தவசிமுத்து அந்தக் குழுவில் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது. நாட்டிய நாடகங்களில் அசுரனாக ஆடி ஓய்ந்தவர். குணவதி அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். இருந்தாலும் இவர் அவளை டீச்சர் என்பார், அவள் இவரை அண்ணே என்பாள். யார் குரு, யார் சீடர் என்பதில் இரண்டு பேருக்குமே குழப்பம் இல்லை.

இந்த வருஷ நாடகத்தில் அவருக்குக் குடிகார அப்பா வேஷம். சலங்கை கிடையாது, வசனம் கிடையாது, வெறும் காலடியும் உடம்பசைவும்தான். தள்ளாடி வீட்டுக்குள் வந்து மகளை அடிப்பார். மறுநாள் காலையில் அல்வாப் பொட்டலத்தோடு வந்து அவள் முன்னால் குழைந்து குழைந்து ஆடுவார். அந்த இடத்தில் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

ஒரே ஒரு விதிதான் அவருக்குப் பிடிக்கவில்லை. நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் கண்ணெதிரே ஒட்டு மீசையைப் பிய்த்து, மூஞ்சி கழுவி, தன் சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்.

"கஷ்டப்பட்டு உண்டாக்குன பயத்த நாமளே கழுவி ஊத்தணுமா டீச்சர்?"

குணவதி தானே போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து மேடையில் வைத்தாள்.

அந்த ஊரில் இரண்டு நாள் ஆட்டம். முதல் நாள் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி மேடையோரம் வந்து நின்றாள். நாலாம் வகுப்பு இருக்கும். பெயர் தர்ஷிகா என்றாள்.

"சார், எங்கப்பாவும் மூஞ்சி கழுவுனா இப்படி நல்லா ஆயிருவாரா?"

தவசிமுத்து அசுரனாக ஆடிய காலத்தில் எந்தப் பிள்ளையும் அவரிடம் இவ்வளவு கிட்ட வந்து பேசியதில்லை. அந்த முகத்தை வாடவிட்டு அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை.

"ஆயிருவாரும்மா. கண்டிப்பா ஆயிருவாரு."

அவள் வாளியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை இவர்களைத் தேடி வந்தார். இராத்திரி அப்பா குடித்துவிட்டு வந்ததும், தர்ஷிகா ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோய், மூஞ்சி கழுவுங்கப்பா என்றிருக்கிறாள். அவர் அந்தச் செம்பைப் பிடுங்கி அதாலேயே அடித்திருக்கிறார். கை முறிந்து பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறாள். படியில் விழுந்துவிட்டாள் என்று அம்மா சொல்லிப் பார்த்தாராம். நடந்ததை டாக்டரிடம் சொன்னது பிள்ளைதான். அப்பாவைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

தவசிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முந்தின நாள் தான் சொன்னதைக் குணவதியிடம் சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

"இனிமே அந்தத் தண்ணி வேண்டாம் டீச்சர்."

"மத்த பிள்ளைங்க உங்களுக்குப் பயந்துக்கிட்டே வீட்டுக்குப் போகட்டுமா?"

"அப்ப இந்த வேஷத்த வேற ஆளுக்குக் குடுத்துருங்க."

"வேஷம் ஒண்ணும் பண்ணல அண்ணே. தண்ணியும் ஒண்ணும் பண்ணல."

குணவதி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு ஆட்டம் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போயி அவளப் பாத்துட்டு வாங்க."

அவர் எழுந்து கடைத்தெருவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெரிய பை இருந்தது. ஆப்பிள், பிஸ்கட், கண்ணை மூடித் திறக்கிற பொம்மை என்று பை நிறைய வாங்கியிருந்தார். கிளம்புவதற்கு முன் சொல்லிக்கொள்ளக் குணவதியிடம் வந்து நின்றார்.

அவள் பையைப் பார்த்தாள்.

"நம்ம நாடகத்துல, அடிச்ச மறுநாள் அப்பா எப்படி அண்ணே வருவாரு?"

எத்தனையோ பள்ளிக்கூடங்களில் அவர் ஆடிக் காட்டிய இடம் அது. பையை மேடையில் வாளிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"வெறுங்கையோட போயி அந்தப் பிள்ளைகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

"நேத்து நீங்க சொன்னது பொய்னு சொல்லுங்க. அந்த வீட்டுல இதுவரைக்கும் யாரும் அவகிட்ட அப்படி ஒத்துக்கிட்டிருக்க மாட்டாங்க."