குதிரை எழும் நேரம்

"இனிமே என்னால கயிறு பிடிக்க முடியாது மேடம்" என்றார் செம்புலிங்கம்.

டாக்டர் ஹபீபா குழாயடியில் நின்று முழங்கை வரை நுரை போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கத்தி பிடிப்பீங்களா?"

"பிடிப்பேன்."

"எலும்புல துளை போடுவீங்களா?"

"போடுவேன். தகடு வைப்பேன், திருகாணி முடுக்குவேன். கயிறு மட்டும் வேண்டாம்."

"அப்ப இன்னைக்குக் கத்தி என்கிட்ட இருக்கட்டும். கயிறு நீங்க."

அதோடு பேச்சு முடிந்தது.

செம்புலிங்கம் பாதி ஆயுளைக் கிராமத்துக் கால்நடை மருந்தகம் ஒன்றில் கழித்தவர். கன்று இழுத்துப் போட்டார், ஆட்டுக்கு ஊசி போட்டார். கால் ஒடிந்த மாடுகள் வரும். மூங்கில் பத்தை வைத்துக் கட்டிப் பார்ப்பார். எலும்பு கூடாவிட்டால், "விட்டுருங்க" என்று சொல்லி அனுப்புவார். அந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி வாய் கசந்துபோய்த்தான், இந்த வயதில், எலும்பு அறுவை கற்றுக்கொள்ள மலையடிவாரத்து மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்.

ஹபீபா அவரைவிட இளையவர். "சார்" என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் குரு அவர்தான் என்பதில் செம்புலிங்கத்துக்குச் சந்தேகம் வந்ததில்லை.

அறுவை அவருக்குப் பழகிவிட்டது. அதற்குப் பிறகு வருவதுதான் பயம்.

மனுஷனுக்குக் கால் ஒடிந்தால் தகடு வைத்துப் படுக்கப்போட்டு, அசையாதே என்று சொல்லலாம். குதிரையிடம் அப்படிச் சொல்ல முடியாது. பயந்தால் ஓட வேண்டும். அதன் உடம்புக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மயக்கம் தெளியும்போது எங்கே கிடக்கிறோம் என்று அதற்குப் புரியாது. எழுந்து ஓடப் பார்க்கும். கால்களோ இன்னும் அதன் சொல்லைக் கேட்காது. விழும். மறுபடி எழும். அத்தனை பாரமும் தகடு வைத்த காலில் இறங்கும்.

அதற்காகத்தான் அந்த அறை. சுவரெல்லாம் தடித்த மெத்தை. குதிரையின் தலையில் ஒரு கயிறு, வாலில் ஒரு கயிறு. இரண்டும் சுவரிலுள்ள இரும்பு வளையங்கள் வழியாக வெளியே வரும். வெளியே நின்று ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு, அது எழும்போது தாங்கிக்கொடுக்க வேண்டும்.

போன மழைக்காலத்தில் ஒரு கறுப்புக் குதிரை. அறுவை கச்சிதமாக முடிந்திருந்தது. தலைக்கயிறு செம்புலிங்கத்தின் கையில். கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றார். காது அசைந்தது. பின்னங்கால் அசைந்தது. இழுத்தார்.

அது எழுந்ததால் இழுத்தாரா, இழுத்ததால் எழுந்ததா, இன்றுவரை அவருக்குத் தெரியாது.

கண்கள் பிதுங்க எழுந்தது. சுவரில் மோதியது. விழுந்தது. அத்தனை மெத்தையையும் தாண்டி எலும்பு முறியும் சத்தம் வெளியே வந்தது.

ஹபீபா உள்ளே போனார். சற்று நேரத்தில் வாசலில் வந்து நின்று, "மருந்து எடுத்துட்டு வாங்க சார்" என்றார். என்ன மருந்து என்று செம்புலிங்கம் கேட்கவில்லை.

அதன்பிறகு, வீட்டில் யாராவது முறுக்கைக் கடித்தால்கூட எழுந்து வெளியே போய்விடுவார்.

இன்றைக்கு வந்திருந்தது மிட்டாய். மலைமேல் ஏரியைச் சுற்றிப் பிள்ளைகளைச் சுமந்து நடக்கும் குட்டைக் குதிரை. ஈரப் பாறையில் வழுக்கி, முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்துவிட்டது. அதை வளர்க்கும் எஸ்தர் லாரிக்குள்ளேயே அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு கொண்டைஊசி வளைவுகள் அத்தனையும் இறங்கி வந்திருந்தாள்.

வாசலில் அவள் செம்புலிங்கத்தை நிறுத்தினாள்.

"எந்திரிச்சிட்டா என்னைக் கூப்பிடுங்க சார்."

"சரிம்மா."

"எந்திரிக்கலைன்னா கூப்பிடாதீங்க. நானே தெரிஞ்சுக்கறேன்."

அவர் தலையசைத்துவிட்டு உள்ளே போனார்.

அறுவை முடிந்தது. சங்கிலியில் தூக்கி மெத்தை அறையில் கிடத்தினார்கள். வெளிச்சம் பட்டு மிரளக் கூடாதென்று ஹபீபா பச்சைத் துணியொன்றை மடித்து அதன் கண்களைக் கட்டினார். வெளியே வந்து கதவைச் சாத்தினார். வால்கயிற்றைத் தான் எடுத்துக்கொண்டு, தலைக்கயிற்றைச் செம்புலிங்கத்திடம் நீட்டினார்.

"கை நடுங்குது மேடம். கயிறு வழியா அதுக்குத் தெரிஞ்சிரும்."

"தெரியும்தான்."

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்திருந்தார்.

"எப்ப இழுக்கணும்னு நீங்க சொல்லிருங்க. சொன்னா இழுத்துடறேன்."

ஹபீபா கண்ணாடித் துவாரத்தைக் காட்டினார்.

செம்புலிங்கம் துவாரத்தில் கண்ணைப் பதித்தார். உள்ளே மிட்டாயின் விலா ஏறி இறங்கியது. உதடு துடித்தது. காது அசைந்தது.

அவர் அறியாமலே கையில் கயிறு இறுகியது.

ஹபீபா அதைப் பார்த்தார். வால்கயிற்றை முளையில் சுற்றிவிட்டு வந்தார். இன்னொரு பச்சைத் துணியை எடுத்தார். பின்னால் நின்று செம்புலிங்கத்தின் கண்களைக் கட்டினார்.

"மேடம்! என்ன பண்றீங்க?"

"அதுக்கும் ஒண்ணும் தெரியல. உங்களுக்கும் தெரிய வேண்டாம்."

"விளையாடாதீங்க மேடம். ஒரு உயிர்."

"ம்."

முடிச்சு இறுகியது. வால்கயிறு இருந்த பக்கம் ஹபீபாவின் காலடி நகர்ந்து போனது.

இருட்டு. அதில் தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் செம்புலிங்கத்துக்குக் கேட்டது. கண்கட்டை உருவி எறிந்துவிட்டு ஓடிவிடலாம் என்று தோன்றியது. கயிற்றை விட்டால்தானே கட்டை உருவ முடியும்? விடப் பயமாக இருந்தது. பிடித்திருக்கவும் பயமாக இருந்தது.

கயிற்றில் என்னவோ இருந்தது.

மெல்ல இறுகும். மெல்லத் தளரும். மறுபடி இறுகும். மூச்சு என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

பிறகு கயிறு நடுங்கியது. நடுங்குவது குதிரையா தானா என்று அவருக்குத் தெரியவில்லை.

திடீரென்று வெட்டி இழுத்தது. உடம்பு முழுக்க, இழு, இழு என்று கத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு கையை இருந்த இடத்திலேயே வைத்திருந்தார். உள்ளே தொப்பென்று ஏதோ விழுந்தது. கயிறு துவண்டது.

"மேடம்... விழுந்திருச்சா?"

எலும்பு முறியும் அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. மேடம் சொல்லாமல் விட்டாரோ? தன் காதுதான் கேட்காமல் போய்விட்டதோ?

கயிறு மறுபடி மெல்ல இறுகியது. மெல்லத் தளர்ந்தது.

மூச்சு.

அது அப்படியே கிடந்தது. அவர் அப்படியே நின்றார். எவ்வளவு நேரமோ.

பிறகு பாரம் வந்தது. இந்த முறை வெட்டவில்லை. தரையில் உட்கார்ந்த ஒருவர் எழுந்துகொள்ளப் பக்கத்திலிருப்பவர் கையைப் பற்றுவதுபோல வந்தது. கேட்ட அளவு தாங்கினார். இன்னும் கேட்டது. இன்னும் கொஞ்சம் தாங்கினார். ஒரு குளம்பு தரையைத் தட்டியது. இன்னொன்று சறுக்கியது. கயிறு ஆடியது, அவரும் ஆடினார்.

வளையம் கிணுங்கி அடங்கியது.

"மேடம்?"

"நிக்குது."

"கால்?"

"நாலு கால்லயும் நிக்குது சார்."

செம்புலிங்கம் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஹபீபா அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டார்.

"கண்கட்டை அவிழ்த்துவிடுங்க."

செம்புலிங்கம் தன் கண்ணருகே கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார்.

"யாரோடதை மேடம்?"

"யாருக்குப் பயம் போயிருச்சோ அவங்களோடதை."

அவர் யோசித்தார். நெஞ்சு இன்னும் அதே வேகத்தில் அடித்தது. மெத்தைச் சுவருக்கு அந்தப்பக்கம் மிட்டாயின் மூச்சும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது.

பயம் இரண்டு பேருக்கும் போகவில்லை. முதலில் அதன் கட்டு அவிழட்டும் என்று கையை இறக்கினார்.

தாழ்ப்பாளைத் தடவித் திறந்தார். சுவரைத் தொட்டுக்கொண்டே, மூச்சு வந்த திசையில் ஒவ்வோர் அடியாக நடந்தார். சூடான காற்று முகத்தில் பட்டதும் நின்றார். விரல்கள் நடுங்கின. நடுக்கத்தோடே அதன் கன்னத்தைத் தடவி, முடிச்சைத் தேடி, அவிழ்த்தார்.

துணி நழுவியது. அவர் உள்ளங்கைக்குள் ஒரு பெரிய இமை திறந்தது.